கூண்டில் நின்று ‘சரிங்க’ சொன்னேன்

பினிஷிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். ஸ்பாஞ்சை எப்படிப் பிடிப்பது, கப்பின் காது உடையாமல் எப்படித் துடைப்பது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. கோர்ட்டைப் பற்றி மட்டும் கம்பெனியில் ஒருத்தரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

என் பெயர் அஞ்சலை. ஐந்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி விருத்தாசலம் வந்ததும் செராமிக் கம்பெனியில் சேர்ந்தேன். மூச்சு வாங்குகிறது என்று இப்போது நின்றுவிட்டேன். நடுவில் எல்லாம் வேலைதான். அதில் கதை ஒன்றும் இல்லை.

பைனான்ஸ்காரரை உங்களுக்குத் தெரியும். வந்த கொஞ்ச நாளிலேயே உங்களில் பல பேர் அவரிடம் கடனும் வாங்கிவிட்டீர்களாம். சனிக்கிழமை கூலி போடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்பாரே, அவர்தான். பெயர் வேண்டாம். கடன் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். “என்னா தங்கச்சி, அண்ணன் இருக்கேன்ல” என்பார். அச்சடித்த புரோநோட்டு ஒன்றை எடுப்பார். ஸ்டாம்பு முன்கூட்டியே ஒட்டியிருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி இருக்கும். தொகை இருக்காது, தேதி இருக்காது. கேட்டால், “அதெல்லாம் ஆபீஸ்ல எழுதிக்கறேன் தங்கச்சி” என்பார்.

நானும் அந்தப் புள்ளியில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குக் கூரை மாற்ற இருபதாயிரம் வாங்கினேன். சனிக்கிழமை தவறாமல் கட்டினேன். ரசீது தர மாட்டார். நாங்களும் கேட்டதில்லை. கட்டி முடித்ததும் நோட்டைத் திருப்பிக் கேட்டேன்.

“பீரோ சாவி வூட்டுல இருக்குது தங்கச்சி. வர்ற வாரம் தரேன்.”

அந்த வாரம் வரவே இல்லை. நானும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் என் வீட்டுக்குப் பக்கத்து மனையை அவர் வாங்கி குடோன் கட்டினார். லாரி திரும்ப இடம் போதவில்லை. ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்தேன். குடித்தார். வீட்டை விலைக்குக் கேட்டார். தர மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து போனார். சில மாதம் கழித்து கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. நான் அவரிடம் இரண்டு லட்சம் கடன் வாங்கினேனாம். ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லையாம். அந்த வெள்ளை நோட்டில் தொகையும் எழுதியாகிவிட்டது, தேதியும் எழுதியாகிவிட்டது. கீழே என் கையெழுத்து. பணம் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? வீட்டை ஏலம் போடுவார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

இதற்கு முன்னால் செல்விக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவள் என் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள். அவள்மேலும் இதே ஆள் இதே மாதிரி கேஸ் போட்டிருந்தார். சம்மன் கொண்டுவந்த கோர்ட் அமீனாவிடம் அவள் வீட்டுக்காரர், “அவ ஊருக்குப் போயிருக்கா” என்று சொல்லிவிட்டார். காகிதத்தை வாங்காவிட்டால் கேஸ் ஒட்டாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அதையும் கிழித்துப் போட்டார்கள். கோர்ட்டில் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. தீர்ப்பு ஆகிவிட்டது. செல்வி கழுத்தில் காதில் கிடந்ததை விற்றுக் கட்டினாள். ஒரு வார்த்தை பேசாமலே தோற்றாள். அவள் கட்டவேண்டியது அதில் கால்வாசிகூட இருக்காது.

அதனால் எனக்கு வந்தபோது நான் வாசலுக்குப் போய்க் கேட்டு வாங்கினேன்.

அமீனா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதக் கண்டா எல்லாரும் கொல்லப்பக்கமா ஓடுவாங்க. நீ என்னம்மா கேட்டு வாங்கற?”

“எனக்கு வந்ததுதானேங்க?”

“உனக்குத்தான்.”

“அப்ப குடுங்க.”

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். சாது. அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. “பேசாம வூட்டைக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பமா?” என்றார்.

“நிம்மதியா எங்க இருக்கறது? ஜங்ஷன் பிளாட்பாரத்துலயா?” என்று கேட்டேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோர்ட்டிலேயே எனக்கு இலவசமாக ஒரு வக்கீல் போட்டுக் கொடுத்தார்கள். கேஸுக்குப் பதில் எழுதிப் போட்டது அவர்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார்.

“கையெழுத்து உங்களுதுதானேம்மா?”

“என்னுதுதாங்க.”

“அப்ப கேஸு போச்சு. சமாதானமாப் போயிடுங்க. கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லிப் பேசறேன்.”

“கையெழுத்து என்னுதுங்க. ரெண்டு லட்சம் என்னுது இல்லீங்க.”

“அது கோர்ட்டுக்குத் தெரியாதும்மா.”

“தெரியலன்னா சொல்லணுமில்லீங்க? அதுக்குத்தானே நீங்க?”

அடுத்த வாய்தாவில் நான் நீதிபதி அம்மாவிடம், “நானே பேசிக்கறேங்க” என்றேன். அவர் வயதில் என் மகளைவிடச் சின்னவர். “நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். உண்மையில் அதிகம் யோசிக்கவில்லை. கோபம்தான்.

சாட்சி வேண்டும் என்றார்கள். என் மேசையில் இருந்த அத்தனை பேரும் அதே ஆளிடம் அதே மாதிரி வெள்ளை நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள். நான் சனிக்கிழமை பணம் கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒவ்வொருத்தியாகக் கேட்டேன்.

“லீவு குடுக்க மாட்டாங்கக்கா.”

“வூட்டுல உடமாட்டாங்கக்கா.”

ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள். “என் நோட்டும் அவருகிட்டதானக்கா இருக்குது.”

செல்வியையும் கேட்டேன். “எனக்குத்தான் தீர்ப்பே ஆயிடுச்சேக்கா. நான் வந்து என்னாத்தச் சொல்றது?” என்றாள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. இப்போதும் இருக்கிறது.

முதலில் பைனான்ஸ்காரர் கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தன் ஆபீஸில் வைத்து இரண்டு லட்சத்தை எண்ணிக் கொடுத்ததாகச் சத்தியம் செய்து சொன்னார். நோட்டில் எழுதியிருந்த தேதி தீபாவளிக்கு முந்தினது. அடுத்து நான் அவரைக் கேள்வி கேட்க வேண்டும்.

“ஏன் அண்ணே, உனக்கு மனசாட்சியே இல்லியா?” என்றேன்.

அவர் வக்கீல் எழுந்தார். “அம்மா, சாட்சியை அண்ணன்னு கூப்பிடறாங்க.”

நீதிபதி என்னைப் பார்த்தார். “அது கேள்வி இல்லம்மா. நடந்ததக் கேளுங்க.”

“நான் கையெழுத்துப் போட்டப்ப நோட்டு வெறுமையாத்தான இருந்துச்சு?”

“இல்ல. எல்லாத்தையும் எழுதி, படிச்சுக் காட்டித்தான் வாங்கினேன்.”

“வாராவாரம் கேட்டுல நின்னு வாங்கினீங்களே?”

“வாங்கல.”

பொய்யை இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கைப்பிடியில் கை வைத்து, என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் வக்கீல், “வேற கேள்வி இருக்குதாம்மா?” என்று வாட்சைப் பார்த்தார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

“என் வூட்டுக்கு வந்து, காபி குடிச்சிட்டு, வூட்டை விலைக்குக் கேட்டீங்களா இல்லியா?”

“கேட்டேன். இந்த ஊர்ல யாரும் குடுக்காத விலை குடுக்கறேன்னு சொன்னேன்.” பெருமையாகத்தான் சொன்னார்.

“எப்போ?”

“பொங்கல் கழிச்சு.”

“அப்ப உன் ரெண்டு லட்சத்தக் கழிச்சிக்கிட்டு மீதி தரேன்னு சொன்னியா?”

அவர் வக்கீல் எழுந்து நின்றார். நீதிபதி, “பதில் சொல்லட்டும்” என்றார்.

“சொல்லல. அது வேற, இது வேற.”

“முழு விலையும் கையில தரேன்னுதானே சொன்ன?”

“ஆமா.”

நீதிபதி அதைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆத்திரத்தில் கேட்டதுதான்.

அடுத்த வாய்தாவில் நான் கூண்டில் ஏறினேன். இப்போது அவர் வக்கீல் என்னைக் கேட்க வேண்டும். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நான் உஷாராகியிருப்பேன். அம்மா, அம்மா என்று மரியாதையாகப் பேசினார்.

“நீங்க செராமிக் கம்பெனில வேலை செய்யறீங்கம்மா.”

“ஆமாங்க.”

“நோட்டுல இருக்கறது உங்க கையெழுத்து.”

“ஆமாங்க.”

“வாதிகிட்ட ரெண்டு லட்சம் ரூபா கடன் வாங்கினீங்க.”

“சரிங்க.”

“இன்னிக்கு வரைக்கும் அதத் திருப்பிக் குடுக்கல.”

“சரிங்க.”

“கடனை ஏமாத்தறதுக்காக இங்க வந்து பொய் சாட்சி சொல்றீங்க.”

“சரிங்க.”

“அவ்வளவுதாம்மா” என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தன் கட்சிக்காரர் சொன்னதைச் சொல்கிறார், முடித்ததும் ‘நீ என்னம்மா சொல்ற’ என்று என்னைக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

உங்களுக்கு இது புரியும். வெளியாட்களுக்குப் புரியாது. நம் ஷெட்டில் களிமண் அரைக்கும் மில்லு ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. மேஸ்திரி வந்து வாயை அசைப்பார். நாம் தலையை ஆட்டி ‘சரிங்க’ என்போம். பாதி கேட்டிருக்காது. கேட்டதும் பாதி பிடிக்காது. ஆனாலும் ‘சரிங்க’ சொன்னால்தான் அவர் நகருவார். என் வாய்க்கு அது அத்தனை வருஷப் பழக்கம். கோர்ட்டிலும் மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

தட்டச்சு செய்தவர் நான் சொன்னதைப் படித்துக் காட்டினார். யாருக்கோ அவசரச் செய்தி படிப்பதுபோல ஒரே ஓட்டம். “வாதியிடம் இரண்டு லட்சம் ரூபாய் கடனாகப் பெற்றேன் என்றால் சரிதான். அத்தொகையைத் திருப்பிச் செலுத்தவில்லை என்றால் சரிதான். கடனை ஏமாற்றும் நோக்கத்தில் பொய்ச்சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரிதான்.”

படித்து முடித்துக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பேனாவை நீட்டினார். “கையெழுத்துப் போடும்மா. அடுத்த கேஸு இருக்குது.”

நான் பொய் சொல்கிறேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி எழுதியிருந்தது. கோர்ட்டில் அப்படி ஒரு வாசகத்துக்கு என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் அதே இடத்தில் நின்று, அதே ‘சரிங்க’ சொல்லி, அதே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, வீட்டை விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

“போட மாட்டேங்க” என்றேன்.

“என்னாம்மா?”

“போட மாட்டேங்க. நான் இப்படிச் சொல்லலீங்க.”

வக்கீல் துள்ளி எழுந்தார். “அம்மா, கோர்ட்டு முன்னால சொன்னது. எல்லாரும் கேட்டோம். எழுதினப்புறம் மாத்தறாங்க. இத அனுமதிக்கக் கூடாது.”

நீதிபதி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “எல்லாத்துக்கும் சரின்னுதானேம்மா சொன்னீங்க? நானும் கேட்டேன்.”

“சரின்னு சொல்லலீங்க.”

“பின்ன?”

“சரிங்கன்னு சொன்னேங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

கோபம் வந்தால் எனக்கு வார்த்தை வரும். அதுவரை இல்லாத சத்தத்தில் பேசினேன். “ஒண்ணு இல்லீங்க. எங்க கம்பெனில மில்லு சத்தத்துல ஒண்ணும் கேக்காது. மேஸ்திரி என்னா சொன்னாலும் சரிங்கன்னுதான் சொல்லுவோம். ‘வேலக்கள்ளிங்களா’ன்னு திட்டுனாலும் சரிங்கதாங்க. நாங்க வேலக்கள்ளின்னு ஒத்துக்கிட்டதா அர்த்தமாங்க? நீங்க சொல்றது காதுல வுழுந்துச்சுங்க, மேல சொல்லுங்கன்னு அர்த்தங்க. இந்த ஐயா அவரு கதையச் சொன்னாரு. கேட்டுக்கிட்டேன். என் கதைய எப்ப கேப்பாங்கன்னு நிக்கறேன்.”

“இல்லன்னு அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் நீதிபதி.

“படிச்சவங்க பேசறப்ப குறுக்க பேசக்கூடாதுன்னு நின்னேங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். வக்கீல் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். “படிச்சுக் காட்டறதே தப்பு இருந்தாத் திருத்தறதுக்குத்தான். தான் பொய்சாட்சி சொல்றேன்னு எந்த சாட்சி சார் ஒத்துக்கும்? அத எழுதறப்ப நானே நிறுத்திக் கேட்டிருக்கணும். கேள்விய மறுபடி கேளுங்க.”

பிறகு என்னிடம் சொன்னார். “அம்மா, கேள்வி முடியற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. முடிஞ்சதும் உண்மைன்னா உண்மை, பொய்ன்னா பொய். வேற ஒரு வார்த்தையும் வேணாம். புரிஞ்சுதா?”

“சரிங்க” என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீல் அந்த மூன்றையும் மறுபடி கேட்டார். இப்போது அம்மா என்ற வார்த்தை இல்லை. கேள்வி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பொய்ங்க. பொய்ங்க. பொய்ங்க. அதைப் படிக்கச் சொல்லி, மெதுவாகப் படிக்கச் சொல்லி, கேட்டேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டில் நிற்கும்போது எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். வக்கீலுக்கு வேறு கேஸ், தட்டச்சுக்காரருக்குச் சாப்பாட்டு நேரம், பின்னால் நிற்பவருக்கு ஊருக்குப் போகும் பஸ். அந்த அவசரம் அவர்களுடையது. வீடு உங்களுடையது. நீங்கள் நிற்பதால் யாருக்காவது சங்கடம் என்றால் இருக்கட்டும்.

தீர்ப்பு என் பக்கம் வந்தது. கையெழுத்து உண்மை என்பதால் கடன் உண்மை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் இரண்டு லட்சம் வரவேண்டிய ஒருத்தர், அந்தக் கடனைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காமல் அதே ஆளின் வீட்டுக்கு முழு விலையும் தருகிறேன் என்று சொன்னது நம்பும்படி இல்லை என்று நீதிபதி வாசித்தார். கேஸ் தள்ளுபடி. வீடு என்னுடையது.

கடைசியில், செலவுத் தொகை இல்லை, அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வாசித்தார். எனக்கு அது விளங்கவில்லை.

“அம்மா, இதுக்காக நான் வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் கூலிங்க? யாரு தர்றது?”

“இந்தக் கேஸுல அது வராதும்மா” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் பதில் அதுதான். பொய்க் கேஸ் போட்டவர் பைக்கில் வந்தார், பைக்கில் போனார். நான் வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டேன். என் மேசை இடத்தைக் கம்பெனியில் வேறு ஒருத்திக்குக் கொடுத்திருந்தார்கள்; வேலையை விட்டு நிற்கும்வரை கிடைத்த இடத்தில்தான் உட்கார்ந்தேன். ஜெயித்தவளுக்கு இதுதான் கிடைத்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வெளியே டீக்கடைப் பக்கம் பைனான்ஸ்காரர் நின்றிருந்தார். “ரொம்ப ஆடாத தங்கச்சி. அப்பீலு இருக்குது” என்றார்.

“போ அண்ணே. மேல எத்தனை கோர்ட்டு இருக்குதோ அத்தனையும் ஏறு. நான் நடந்தே வரேன்” என்றேன்.

சொன்னபடியே அப்பீல் போட்டுவிட்டார். இப்போது அது நடந்துகொண்டிருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள் என்று என் மகள் பணம் தருகிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். என் வாயால் சொன்னதை என் வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தத் தடவை சாட்சிக்கு யாரையும் கூப்பிடவில்லை. அங்கே சாட்சி தேவையும் இல்லையாம். ஆனால் போன வாய்தாவுக்கு நான் போனபோது செல்வி முன்கூட்டியே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். பைனான்ஸ்காரர் உள்ளே வந்தார், அவளைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். செல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர் உட்காரலாம். உங்கள் நோட்டுகளும் அவருடைய பீரோவில்தான் இருக்கின்றன. ஒன்றும் பேச வேண்டாம். வந்து உட்காருங்கள். அவர் உங்களை எண்ணிப் பார்க்கட்டும்.